நாற்பத்தொன்றாம் எண் செல்கள்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலமா? மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆய்வகத்தில் நேற்று நடந்ததை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

உன் பிள்ளைக்கு, நம் வாண்டுவுக்கு, என்ன நோய் என்று டாக்டர்கள் சொன்னபோது உனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இப்போது கேள். ஒரு புரதம் வேண்டுமென்றால், அதற்குரிய மரபணுவின் நகல் ஒன்று செல்லின் உட்கருவைவிட்டு வெளியே வரும். அங்கே புரதம் கட்டும் ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். ‘நிறுத்து’ என்ற மூன்றெழுத்து வந்ததும் முடித்துவிடும். வாண்டுவுக்கு ஒரே ஓர் எழுத்து மாறி, ‘நிறுத்து’ பாதியிலேயே வந்துவிட்டது. செல்லின் கழிவைக் கரைக்க வேண்டிய புரதம், அதாவது நொதி, அரைகுறையாய் நின்று வீணானது. கழிவு சேர்ந்து சேர்ந்துதான் பிள்ளை போனான்.

நேற்று எங்கள் மருந்தைப் போட்டதும், ரைபோசோம் அந்த இடத்தைத் தாண்டிக் கடைசிவரை படித்தது. நூற்றில் நாலு முறைதான். ஆனாலும் முழு நொதி வந்தது. அவனுடைய செல்களிலேயே வந்தது! அவன் கையில் எடுத்த தோல் துணுக்கிலிருந்து வளர்த்தவை. நாற்பத்தொன்றாம் எண். நன்றாக இருக்கின்றன.

உன் அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

மூன்று மூன்று எழுத்தெல்லாம் புரிந்தது. அவன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ‘நன்றாக இருக்கின்றன’ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

கடிதத்தை இவர்தான் பிரித்தார். சட்டைகூட மாற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்று, “அப்போ அவன் கொஞ்சம் அங்க இருக்கானா? போய்ப் பாக்கலாமா?” என்றார்.

தோல் எடுத்த அன்று நான் கையெழுத்துப் போட்டது பரிசோதனைக்கு. வளர்ப்பதற்கு இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிடு.

உன் தங்கை

மார்ச் 24

என் தங்கமே,

அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தில் ‘ஆய்வுக்கும்’ என்று இருக்கிறது. உன்னைப் படிக்க விடாதது நான்தான். “சும்மா டெஸ்டுக்குத்தான், போடு” என்று பேனாவைக் கையில் திணித்தேன். சொன்னால் மறுத்துவிடுவாயோ என்று பயம்.

இதே பிழையோடு இரண்டு பெண்குழந்தைகள் இங்கே இருக்கிறார்கள். மூத்தவளுக்கு நாலு வயது. விரல்கள் மடங்க ஆரம்பித்துவிட்டன. நீ எழுத்தில் கேட்டால் நாங்கள் அழித்தே ஆக வேண்டும், அதுதான் விதி. கேட்காதே. வந்து என்னைத் திட்டு, அடி. இதை மட்டும் கேட்காதே.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நேற்று வந்தோம். நீ விடுப்பில் இருப்பது தெரிந்துதான் வந்தோம்.

உன் உதவியாளர் அவன் செல்கள் இருந்த தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். மீன்குஞ்சுகள் மாதிரி நீள நீளமாய் இருந்தன. இவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, “இதுல அவன் இல்லம்மா. வா” என்று வெளியே போய்விட்டார்.

“எப்போலேருந்து வளக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“மூணு வருஷமா மேடம். தோல் எடுத்த வாரத்துலேருந்தே.”

மூன்று வருஷம். ஞாயிறுதோறும் வந்து அவனை மடியில் போட்டுச் சோறு ஊட்டினாயே, ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? கேட்டிருந்தால் அவனுடைய இரண்டு கையையும் நானே நீட்டியிருப்பேன், அக்கா. அவனுக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பெண்குழந்தைகளுக்காக.

அழிக்கச் சொல்லவில்லை. புதிய ஒப்புதல் படிவம் வாங்கி, வாசலில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு கேள்வி இருந்தது: ‘இந்நிறுவனத்தில் தங்கள் உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா?’

‘இல்லை’ என்று எழுதினேன்.

வாண்டுவின் அம்மா