கொக்கி போடாதவள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். குட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது, அப்பா அதை மாடி வீட்டுக்காரர், பால் போடுகிறவர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் காட்டிவிட்டார். அவருக்குக் கண்புரை எடுத்த பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், சமையலறை மூலையில் இருக்கிற ஒட்டடைகூடத் தெரிகிறது, அதுதான் எனக்குத் தொல்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். ஒரு முறை நீ குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாய், இன்னொரு முறை எனக்கே தைரியம் வராமல் அந்தக் குழாயைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். எழுத ஆரம்பித்தால் பாதியில் நழுவ முடியாது என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். குட்டியைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நம் தெருக்கோடி நூலகத்தில் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வாசகர் வட்டம் நடக்கிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, பெரியம்மாதான் என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனாள். நீ பெரியம்மா என்று கூப்பிடுகிற நெட்டையைத்தான் சொல்கிறேன், இருபது வருஷமாக எனக்கு அவள் நெட்டைதான். போன மாதம் படிக்கக் கொடுத்தது ஒரு குடும்ப நாவல். அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிற இரண்டு தோழிகள், ஒருத்திக்கு வந்த கடிதம் தவறி மற்றவள் வீட்டுக்கு வந்துவிடுகிறது, அவள் பிரித்துப் படித்துவிடுகிறாள், பிரித்தது தெரிந்துவிடுமே என்று பயந்து அலமாரியில் ஒளித்துவைக்கிறாள். அதில் தோழியின் தாய் சாகக் கிடக்கிற செய்தி இருக்கிறது. தோழியால் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போகிறது. கடிதத்தை வாங்கித் தொலைத்தது அவள் புருஷன்தான் என்று அந்தக் குடும்பமே இரண்டு படுகிறது. ஒளித்தவளோ தினமும் போய் அவளுக்குத் தலைவாரிவிட்டு, ஆறுதல் சொல்லி, கடைசிப் பக்கம்வரை வாயே திறக்கவில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவார், அவர், "முந்நூறு பக்கம் கூட்டிட்டுப் போய் பாலத்து நடுவுல இறக்கிவிட்ட மாதிரி இருக்கு, அவ சொன்னாளா இல்லையான்னு எழுதவே இல்லையே" என்று சண்டைக்கு வந்தார். பல் டாக்டர் அம்மா, சொல்லாமல் இருந்ததுதான் சரி, சொன்னால் இவள் பாரம் குறையும், அவள் பாரம் ஏறும் என்றார். தையல்காரப் பெண்ணுக்கு அந்தப் புருஷன் மேல்தான் கோபம், "நான் வாங்கலைன்னு ஒரு தடவை சத்தமா சொல்லக்கூடாதா, மரம் மாதிரி நின்னா யார்தான் நம்புவா" என்றாள்.

அன்று பேசினவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்கள், உன் அம்மாதான் எழுந்து நின்று முழங்கினேன். அவள் தோழியே இல்லை, கூட இருந்தே குழி பறித்தவள், தலைவாரிவிட்ட கையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது, இப்படிப்பட்டவர்களுக்கு மன்னிப்பே கிடையாது என்றெல்லாம் பேசினேன். பேசியதோடு விட்டேனா, நூலகர் எல்லாரையும் கருத்து எழுதித் தரச் சொன்னபோது ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அதை வாசலில் இருக்கிற அறிவிப்புப் பலகையில் எல்லாவற்றுக்கும் மேலே குத்தி வைத்தார். இரண்டு வாரம் போகிறவர் வருகிறவர் எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொன்னபோது நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் பாப்பா. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்த கூட்டத்தில் மீதிப் பேர் பேச வேண்டியிருந்தது. நெட்டை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளாக எப்போதும் பேசமாட்டாள், நூலகர் கேட்டதால் எழுந்திருக்காமலேயே சொன்னாள். "அவ ஏன் சொல்லலைன்னு எனக்குப் புரியுது, பயந்துட்டா. பயந்தவங்களைத் திட்ட எனக்கு வாய் வரமாட்டேங்குது. ஆனா ஒண்ணு, அந்தத் தோழிக்கு எதுவும் தெரியாதுன்னு நீங்க எல்லாரும் எப்படி முடிவு பண்ணீங்க? தபால்காரரைக் கேட்டா எந்த வீட்டுல போட்டேன்னு சொல்லிட்டுப் போறார். அவளுக்குத் தெரியும். இவளா எப்ப சொல்லுவான்னு அவ காத்துட்டு இருந்திருப்பா, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. டிரைவர், ஆமாம் ஆமாம் இது எனக்குத் தோணாமப் போச்சே என்று கையைத் தட்டினார். எனக்குக் காதுக்குள் இரைந்தது. அன்றைக்குத் திரும்பி வரும்போது மழை வரும்போல இருக்கு என்பதைத் தவிர இரண்டு பேரும் வேறு ஒன்றும் பேசவில்லை.

உனக்கு இப்போது சொல்ல வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தோம், நெட்டை பின்கதவைப் பூட்ட மறந்ததால் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வெளியே போய் ஸ்கூட்டரில் அடிபட்டுக் கால் முறிந்தது, அதனால் அவளை வேலையைவிட்டு எடுத்தார்கள் என்றுதான் நீ கேட்டு வளர்ந்தாய். அந்தப் பின்கதவைத் திறந்தது நான். அந்த வாரம் கதவுப் பொறுப்பு அவளுடையது, அது மட்டும்தான் உண்மை. அன்று மதியம் நான் கதவைத் திறந்து வெளியே ஒரு நிமிஷம் நின்றேன், உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, ஓடினேன், கதவைச் சாத்தினேன், மேல் கொக்கியைப் போடவில்லை. கால் மணி நேரத்தில் தெருவில் சத்தம் கேட்டது. காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மா எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, பின்கதவு யார் பொறுப்பு என்று கேட்டார், யார் திறந்தது என்று கேட்கவில்லை. நெட்டை, நான் காலையிலேயே கொக்கியைப் போட்டேன் மேடம் என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அப்போது முதுகு ஒடிந்து படுக்கையில் கிடந்தார், எனக்கும் வேலை போனால் வீடு என்ன ஆகும் என்று ஒரே பயம். அது காரணம்தான், ஆனால் அது முதல் வாரத்துக்குத்தான் காரணம். அப்பா எழுந்து வேலைக்குப் போன பிறகும் பதினாலு வருஷம் சொல்லாமல் இருந்ததற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அவளை அதற்குப் பிறகு எந்தக் காப்பகத்திலும் சேர்க்கவில்லை. குழந்தை என்றால் உயிரை விடுகிறவளுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி மேசை முன்னால் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டது. நான் நாவலில் வருகிறவளைப்போல வாரம் தவறாமல் போய் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குட்டிக்கு நாலு மாதமாக இருக்கும்போது நீ வந்திருந்தாயே, அவள் கம்பளித் தொப்பி பின்னி எடுத்துக்கொண்டு வந்தாள். நாம் கடைக்குக் கிளம்பும்போது, குட்டியை என்கிட்ட விட்டுட்டுப் போங்களேன் என்றாள். நீ என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "வேணாம்மா, கதவைக்கூடப் பூட்ட மறக்கிறவங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய், ஆனால் நம் வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். நான் வெளியே வந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், வேலை இருக்கு, இன்னொரு நாள் வரேன் என்றாள். அப்போதும் நான் பேசவில்லை, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்ப்பதைப்போல உள்ளே போய்விட்டேன். அந்த வார்த்தைக்காக நீ உன்னை நொந்துகொள்ளாதே. ஒரு தாய் பயந்து சொன்னது அது, அந்தப் பயத்தை உனக்கு ஊட்டி வளர்த்தவள் நான்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் சலவைக் கடைக்குப் போனேன். முதலாளி இன்னும் வரவில்லை, அவள் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை, கொக்கியைப் போடாதது நான்தான் என்று சொன்னேன். அவள் காலரை முடித்தாள், கையை முடித்தாள், சட்டையை மடித்து அடுக்கிவிட்டுத்தான் பேசினாள். "தெரியும். அந்த மாசமே தெரியும். உன் பொண்ணுதான் சொன்னா. அன்னிக்கு வீட்டுச் சாவியை மறந்துட்டு வந்து பின்கதவுல அம்மாகிட்ட வாங்கிட்டுப் போனேன் பெரியம்மான்னு பேச்சுவாக்குல சொல்லுச்சு. பதினஞ்சு வயசுப் பிள்ளை. நான் மேடம்கிட்டப் போய்ச் சொன்னா, தான் வந்ததாலதான் அந்தக் குழந்தைக்குக் கால் போச்சுன்னு அது வாழ்நாள் பூரா நினைக்கும். அதனால விட்டேன். உனக்காக விடலை." நான் அழுதேன். அவள் அழவில்லை. "நீ வந்து சொல்லுவேன்னு ரெண்டு மூணு வருஷம் வாசலைப் பார்த்துட்டே இருந்தேன். அப்புறம் அதுவும் விட்டுப்போச்சு. இப்ப நீ சொல்லிட்டே, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. தைலம் தேய்க்க வராதே. போ" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்கிற வாய் எனக்கு இல்லை.

அப்பாவிடம் அன்றே சொன்னேன். அவர், என் முதுகைச் சாக்காச் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது நியாயம். பிறகு அவரே காப்பகத்துக்குக் கூட வந்தார். அதே பொறுப்பாளர் அம்மாதான் இன்னும் இருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. இவ்வளவு வருஷம் கழிச்சு இதை எதுக்கு கிளர்றீங்க என்றார். அவள் பேருக்கு நேராகக் கவனக்குறைவு என்று எழுதி வைத்திருக்கிறீர்களே அதை மாற்றுங்கள் என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த வார்த்தையை அடித்து, என் பெயரை எழுதி, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் கையெழுத்து இவ்வளவு கோணலாக எப்போதும் வந்ததில்லை. அன்று அடிபட்ட அந்தப் பெண் குழந்தையைப் பற்றியும் கேட்டேன், கால் நன்றாகக் கூடிவிட்டதாம், கல்லூரியில் படிக்கிறாளாம். அவள் தாயையும் பார்த்துச் சொல்ல வேண்டும், விலாசம் விசாரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன சனிக்கிழமை வட்டத்தில் நான் எழுந்து நின்று பலகையில் இருக்கிற என் கருத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். நெட்டை பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பல் டாக்டர் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டிரைவர்தான் கடைசியில் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, குடிங்கம்மா என்றார். நெட்டை வந்திருந்தாள், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். கலைந்து போகும்போது வாசலில் நின்று, "பாப்பாவுக்கு எழுதிட்டியா" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "எழுது. என்னைப் பத்தி அவ மனசுல இருக்கிறதை மாத்து. ஆனா சாவி வாங்க வந்ததை மட்டும் எழுதாதே, அதைத் தூக்கிச் சுமக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்து போனாள்.

அவள் கேட்டதை நான் செய்யவில்லை, மேலே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒன்றை மறைத்ததால் வந்த வினை போதும், அவள் உனக்காக விட்டுக்கொடுத்தது இன்னது என்று உனக்குத் தெரியாமல் போனால் அது இன்னொரு கொக்கி போடாத வேலையாகிவிடும். சாவி கேட்டு வந்தது தப்பே இல்லை பாப்பா, பிள்ளை அம்மாவிடம் வராமல் வேறு யாரிடம் போகும். கொக்கியைப் போட வேண்டிய கை என்னுடையது. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் காட்டிக்கொள்வதா வேண்டாமா என்பது உன் முடிவு. எனக்காக அவளிடம் பரிந்து பேசாதே, அம்மாவை மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். என் மேல் கோபம் இருந்தால் அதை எனக்கே எழுது, ஒளிக்காமல் எழுது, நான் படிப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து நீண்ட காலம் நன்றாக இருங்கள், குட்டிக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் முத்தமும். நடக்கப் பழகுகிற பிள்ளை, மேசை முனைகளில் துணி சுற்றி வை. பெரியம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, காலையில் வீட்டில்தான் இருப்பாள், போனை ஒரு தடவையில் எடுக்கமாட்டாள், விடாமல் அடி.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிற,
உன் அம்மா