டிசம்பர் ஐந்து: வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று

2025 ஜூலை 8, செவ்வாய்

கடைசியில் அந்தக் கோப்பு என் தலையில்தான் விழுந்தது. தர மதிப்பீட்டுக் குழு ஆகஸ்டில் வருகிறது. நூலகம், கட்டடம், கழிப்பறை எல்லாவற்றையும் கெட்டிக்காரர்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ‘மாணவர் விளைவு’. அதாவது, மூன்று ஆண்டுகளில் எங்கள் கல்லூரியில் பி.எட். முடித்துப் போன இருநூற்றுப் பதினான்கு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்களா, நடத்தத் தெரிகிறதா.

முதல்வர் பரசுராமன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எண்பது சதவீதம் பள்ளிக்கூடத்துல இருக்காங்கன்னு வரணும் கார்குழலி மேடம்.”

“இருக்காங்களா சார்?”

“அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கப் போறீங்க.”

அந்தச் சிரிப்பைப் பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். இன்றுவரை சகிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

நாற்பது பேருக்குப் போன் போட்டேன். எடுத்தது ஆறு பேர். அதில் ஒருத்தி, “ராங் நம்பர்” என்றாள். குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு பையன் மணலியில் கண்டெய்னர் யார்டு வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறான். ஒருத்தி அம்பத்தூரில் போன் எடுத்துப் பதில் சொல்லும் வேலையில். இன்னொருத்தி துணிக்கடையில். கல்யாணமாகித் தூத்துக்குடி போனவள், “பி.எட்.டா? ஆமா, முடிச்சேன்ல!” என்று தனக்கே ஞாபகப்படுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் இதுவரை இருபத்தொன்பது பேர்.

என் வீட்டுக்காரர் எழிலன் ரயில்வே கூட்ஸ் யார்டிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தவர், “இன்னாமே, மூஞ்சி ஏன் இப்டி கீது?” என்றார். என்னவென்று சொல்வது?

ஜூலை 17, வியாழன்

கணினி அறையில், இந்தக் கோப்புக்கு எனக்குத் துணையாகப் போட்டிருக்கும் விரிவுரையாளர் ஒவைஸ் என் பட்டியலை ஏற்றிக்கொண்டிருந்தான். திரையில் நூற்று எழுபத்தொன்று என்று இருந்தது.

“நான் இருபத்தொன்பதுதானே கொடுத்தேன்?”

அவன் தலையைத் திருப்பவே இல்லை. “பிரின்ஸிபல் குடுத்த நம்பர் மேடம். என்னைக் கேக்காதீங்க. எனக்கும் குடும்பம் இருக்கு.”

எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. எனக்கு மட்டும் என்ன, கோயிலா இருக்கிறது?

நேரே முதல்வர் அறைக்குப் போனேன். வீட்டில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பவர்களும் ஆசிரியர்கள்தானாம். தன் குழந்தைக்கே பாடம் சொல்லித் தருபவள்கூட ஒரு வகையில் ஆசிரியைதானாம். அதே சிரிப்போடு சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

இன்று சாராவுக்குப் போன் போட்டேன். ராயபுரத்துப் பெண், 2024-இல் முடித்தவள். எண்ணூரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறாள். அப்பாடா, முப்பதாவது ஆள் என்று சந்தோஷமாக, “வேலையெல்லாம் எப்படிப் போகுது சாரா?” என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

“எதுக்குக் கேக்குறீங்க? ஃபாரத்துல எழுதவா?”

“ஏம்மா இப்படிப் பேசறே?”

“பிராக்டிகல்ல எனக்கு நூத்துக்குத் தொண்ணூத்தாறு போட்டீங்க. நான் கிளாஸ் எடுத்தத ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பாத்தீங்களா மேடம்? இங்க முப்பத்தாறு புள்ளைங்க கீது. பாதிக்குப் படிக்கவே வரல. இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. அந்தத் தொண்ணூத்தாற எடுத்து எங்க வெச்சிக்கினு அழ?”

போனை வைத்துவிட்டேன். நான்தான் வைத்தேன்.

என்ன திமிர்! பள்ளிப் பயிற்சிக்குப் போகாமல் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்த்தவள்தானே இவள்? கல்லூரியே போக வேண்டாம் என்றதும் முதலில் கை தட்டியவள் இவள்தானே? இப்போது என்னைக் கேட்கிறாளாம்.

ஜூலை 23, புதன்

காலையில் ஸ்டோர் ரூமில் அவளுடைய பயிற்சிப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அவள் வாயை அடைக்க ஏதாவது கிடைக்குமா என்றுதான்.

பாட உற்றுநோக்கல் படிவம். நாள்: 5.12.2023. வகுப்பு: ஏழு. பாடம்: தமிழ். ‘குரல் தெளிவு. வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று. கரும்பலகைப் பயன்பாடு சிறப்பு.’ கீழே என் கையெழுத்து.

டிசம்பர் ஐந்து. புயலுக்கு மறுநாள். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நானும் எழிலனும் மாடி வீட்டுக்காரர்களோடு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். சென்னையில் ஒரு பள்ளிக்கூடம்கூடத் திறக்கவில்லை அன்று.

நாற்பது படிவங்களை ஒரே மத்தியானத்தில் எழுதினேன். இப்போது நினைவு வருகிறது. தேதிகளை ஆபீஸில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் வாசிக்கவே இல்லை. ‘மிக நன்று’ என்று எழுதி எழுதி விரல் வலித்தது, அதுதான் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

“நீ கிளாஸ் எடுக்கறதைப் பாக்க வரேன்” என்று சாராவுக்குச் செய்தி அனுப்பினேன். “வந்து இன்னா பண்ணப் போறீங்க” என்று பதில். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 31, வியாழன்

இன்று விடுப்பு. ரயிலில் எண்ணூர். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு நடப்பதற்குள் சேலை முந்தானையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்துவிட்டது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சாரா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பலகையில் பாடத்தை எழுதினாள். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். சத்தம் வந்தால் ஸ்கேலால் மேசையில் ஒரு அடி. மறுபடியும் எழுத்து. நாற்பது நிமிடமும் இதேதான். பயந்த மனுஷி நடத்துகிற வகுப்பு.

மகிழினி என்று ஒரு பெண், ஒன்பது வயது. எழுந்து கடகடவென்று பாடம் வாசித்தாள். ஆனால் விரல் ஒரு வரியில், வாய் வேறொரு வரியில். நான் போய்ப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன். வாய் மூடிக்கொண்டது.

“தெரிஞ்சிச்சா?” என்றாள் சாரா. “இவளுக்கு ஒரு எழுத்து தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிகினா. இந்தாங்க மேடம், சாக்பீஸ். நீங்க சொல்லிக் குடுங்க. நான் பாக்குறேன்.”

வாங்கினேன். மறுக்க முடியுமா? தமிழ் கற்பித்தல் முறைகள் பற்றிப் பதினான்கு வருடம் நோட்ஸ் கொடுத்தவள் நான். சொல்லின் முதல் ஒலியைப் பிரித்துக் கேட்க வைப்பது, பிறகு எழுத்தைக் காட்டுவது. பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி அது.

“கப்பல். சொல்லும்மா, கப்பல்ல முதல்ல என்ன ஓசை கேக்குது?”

மகிழினி யோசித்தாள். பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டு, “பாஆஆம்ம்ம்!” என்றாள்.

வகுப்பே சிரித்தது. துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, கப்பல் அப்படித்தான் கத்துகிறது. அவள் சொன்னது சரி. நான் கேட்டதுதான் தப்பு. அடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு விதமாகக் கேட்டேன், அதுவும் புரியவில்லை அவளுக்கு. முன் பெஞ்சில் ஒருத்தன், “இந்த டீச்சரு இன்னா பேசுது?” என்று பக்கத்தில் கேட்டான். வியர்த்துவிட்டது. மணி அடித்தது. தப்பித்தேன்.

வராண்டாவில் சாரா என்னை விடவில்லை.

“எப்டி கீது மேடம்? அசிங்கமா கீதா? அந்தப் பயிற்சி பதினாறு வாரமும் இந்த மாதிரி நான் உங்க முன்னாடி அசிங்கப்பட்டிருக்கணும். நீங்க திட்டியிருக்கணும். அப்ப கத்துகினு இருப்பேன். இப்ப ஒரு வருசமா புள்ளைங்க முன்னாடி அசிங்கப்படறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “போக வேணாம்னு சொன்னதும் சந்தோஷமாத்தானே போனே நீயும்?”

“ஆமா, போனேன். எனக்கு அப்ப இருபத்தொரு வயசு. உங்களுக்கு எத்தினி?”

திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நூற்று எழுபத்தொன்று என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டார் முதல்வர். முடியாது என்றேன்.

“இவ்வளவு நாளா போட்ட கைதானே?”

“இதுக்குப் போடாது.”

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சிரிப்பு இல்லாத முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். “புயல் வாரத்துத் தேதி போட்டு நீங்க எழுதின படிவமெல்லாம் ஸ்டோர் ரூம்லேர்ந்து என் பீரோவுக்கு வந்தாச்சு. தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, எனக்கு இருக்கு. யோசிச்சுச் செய்யுங்க.”

இவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்து, இந்த ஒரு நாளுக்காகப் பூட்டி வைத்திருக்கிறார். சீ.

கையெழுத்துப் போடவில்லை. ஒவைஸ் போட்டதாகச் சாயங்காலம் தெரிந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குழு வந்தது. மூன்று பேர். மாலை, சால்வை, மாணவிகள் வரவேற்பு நடனம்.

பழைய மாணவர் சந்திப்பில் உட்கார்ந்திருந்த இருபது பேரில் பாதிப் பேர் எங்கள் மாணவர்களே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

செய்துவிட்டேன்.

ஆசிரியர்கள் கூட்டம். குழுவிலிருந்த அம்மா பொதுவாகத்தான் கேட்டார்: “உங்ககிட்டப் படிச்சவங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” முதல்வர் கோப்பைத் தட்டிக் காட்டினார், எண்பது சதவீதம்.

நான் எழுந்தேன். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். “இது நான் எழுதினது. புயலுக்கு மறுநாள், மூடியிருந்த பள்ளிக்கூடத்துல, நடக்காத வகுப்புக்கு. இதுமாதிரி நாற்பது எழுதினேன். எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க பார்க்கலை.”

அந்த அம்மா தாளை இரண்டு முறை படித்தார். பக்கத்தில் தலைவரிடம் நகர்த்தினார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தம் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இதை எந்தத் தலைப்புல போடறது?” என்றார்.

பிறகு சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கல்லூரியிலிருந்து குறிப்பாணை. ‘நடைபெறாத வகுப்புகளுக்குப் போலி உற்றுநோக்கல் படிவங்கள் தயாரித்தமை.’ என் பெயர் மட்டும். பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலை போயிற்று. பொருட்களை எடுக்கப் போனபோது ஒவைஸ் படிக்கட்டில் எதிரே வந்தான். செருப்பைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனான்.

அக்டோபர் 29, புதன்

தரம் அறிவித்துவிட்டார்கள். போன முறையைவிட ஒரு படி மேலே. கல்லூரி வாசலில் பேனர், அதில் பரசுராமன், தாளாளரைவிடப் பெரிதாக. பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேண்டுமென்றே திரும்பி நடந்து போய் இன்னொரு முறை பார்த்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எழிலன், “கம்முனு ஒரு கையெழுத்து போட்டுகினு இருந்திருக்கலாம்ல?” என்றார். திட்டவில்லை, கேட்டார். “முன்னாடி போட்டேன்ல, அது பத்தாதா?” என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

எண்ணூர் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போகிறாராம். சாரா சொல்லவில்லை; ஜூலையில் என்னைப் பார்த்திருந்த தலைமையாசிரியர் அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். நான் வருவதாகக் கேள்விப்பட்டு அவள், “ரெண்டு நாளு தாங்காது” என்றாளாம்.

நவம்பர் 18, செவ்வாய்

தொண்டை போயிற்று. முப்பத்தொரு பிள்ளைகள். இன்று ஒருவன் சாக்பீஸைத் தின்றுவிட்டான். பாடத்திட்டத்தை எழுதியவனை இங்கே ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். நானும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன் அதை.

டிசம்பர் 3, புதன்

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எழுத்துகளைப் பிள்ளைகளின் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2026 ஜனவரி 21, புதன்

மூன்றாவது பீரியடில் பிள்ளைகள் பலகையில் இருக்கும் சொற்களை ஒவ்வொரு பெஞ்சாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ‘வலை’ என்றதும் பின் பெஞ்ச் பதிலுக்கு ‘வலி’ என்று கத்தியது. சிரித்துக்கொண்டே மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

சாரா வாசலில் வந்து நின்றாள். “சத்தம் ஜாஸ்தியா கீது.”

“கீது” என்றேன்.

போகவில்லை அவள். ஒரு ஐந்து நிமிடம் பலகையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. போனாள். கொஞ்ச நேரத்தில் மகிழினியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடியும் வந்தாள்.

“இவ டெய்லி இந்த பீரியடு இங்க இருக்கட்டும். சின்னப் பசங்களோட உக்கார மாட்டேன்னு பேஜாரு பண்ணுவா. நீங்களே பாத்துக்கோங்க.”

மகிழினி முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு சின்னவனை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.