ஹார்மோன் விடக்கூடாத தட்டு

அன்புள்ள அம்மா,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணி ஒத்தடம் கொடுக்கிறாளா? நான் நலம்.

ஆய்வகத்தில் ஒரு கூத்து. பசுவின் கருமுட்டையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள், ஹார்மோனும் வளர்ச்சிக் காரணியும் பட்டால் பஞ்சுபோல் உப்பிப் பிரியும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டில் எதுவும் விடாமல் வைப்போம். நேற்று அதிலும் விட்டுத் தொலைத்தேன். இன்று காலை இரண்டு தட்டிலும் செல்கள் ஒரே மாதிரி உப்பியிருந்தன. ஒரு வார வேலை வீண்.

"ஏம்மா, கவனம் எங்க போச்சு?" என்றார் எங்கள் துறைத் தலைவர்.

"அம்மாவுக்கு ஆபரேஷன் சார்."

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க? லீவு தரமாட்டேன்னு நானா சொன்னேன்?"

அவர் சொல்லவில்லை அம்மா. லீவு கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். நான் கேட்கவே இல்லை. ஆய்வுக் கட்டுரையை முடித்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். நீ உடனே நம்பியதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது கேட்டேன், கொடுத்துவிட்டார். ஆனால் வியாழக்கிழமைக்குத்தான் டிக்கெட். புதன்கிழமை ஆபரேஷன் முடிந்து நீ கண் விழிக்கும்போது அண்ணிதான் பக்கத்தில் இருப்பாள். நான் வரும்வரை தினமும் உன்னை ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அவளிடம் சொல், முகம் தெரிகிற மாதிரி.

அறைக்குத் திரும்பும் பஸ் வந்துவிட்டது. போனில் "பரவால்லடி" என்று சொல்லி முடித்துவிடாதே. நேரில் வருகிறேன், நன்றாகத் திட்டு.

உன் மகள்