முறுக்கு டப்பாவில் ஓநாய்ப் பாம்பு

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. துவைத்த துணியெல்லாம் கொடியிலேயே நாறுகிறது. எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்த வேண்டும். திருத்தவில்லை. காரணம், பாம்பு.

வெங்காயம் கொட்டி வைத்திருக்கும் அறையில், சுவிட்ச் போர்டுக்கு மேலே. கறுத்த உடம்பு, வெள்ளைப் பட்டை, முழ நீளம். பல்லிக்காகச் சுவர் ஏறியிருக்கும். அத்தை போட்ட கூச்சலில் பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. மாமா கடப்பாரையோடு வந்தார்.

"கட்டுவிரியன்டா இது. கடிச்சா விடியறதுக்குள்ள முடிஞ்சுது."

எனக்குப் பாம்பென்றாலே ஆகாது. அறிவியல் டீச்சர் என்றால் பாம்பைக் கொஞ்ச வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பட்டையைப் பார்த்தேன். கழுத்தில் அழுத்தமாகத் தொடங்கி, வாலுக்குப் போகப் போக மங்கல். கட்டுவிரியன் இதற்கு நேர்மாறு. அதற்குக் கழுத்துப் பக்கம் வெறிச்சென்று இருக்கும், பட்டை வால் பக்கம்தான் பளிச்சென்று தெரியும். இதற்குத் தலையும் தட்டை. இதையெல்லாம் காட்டி, ஓநாய்ப் பாம்பு, விஷம் கிடையாது என்றேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

தள்ளி நின்றே படம் எடுத்துப் பெரம்பலூரில் பாம்பு பிடிக்கும் ரபீக்குக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது: "ஓநாய்ப் பாம்புதாங்க டீச்சர். இருந்தாலும் கைய வச்சிடாதீங்க." மழைக்கு ஊரெல்லாம் பாம்பாம். வெள்ளிக்கிழமைதான் வர முடியுமாம். அதுவரை எதிலாவது மூடி வைக்க வேண்டுமாம்.

கொல்லையில் விட்டுவிடலாம் என்றால் மாமா விடமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, "எங்க பக்கமும் வுடக் கூடாது" என்கிறாள். மாமா கடப்பாரையை ஓங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அடிக்காதீங்க மாமா. இத அடிக்கவே கூடாது."

அத்தை என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாமாவின் கையைப் பிடித்தார். "வுடுங்க. அவதான் சொல்றாள்ல."

கல்யாணமாகி நான்கு வருடத்தில் என் பேச்சு இங்கே எடுபட்டது இதுதான் முதல் தடவை. மற்ற நாளில் வாயைத் திறந்தால், "புள்ள பெக்கத் துப்பில்ல, பேச்சுக்கு மட்டும் கொறச்சலில்ல" என்பதுதான் பதில்.

முறுக்கு டப்பாவின் மூடியில் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டேன். சுவரோடு டப்பாவை அண்டக் கொடுத்துத் துடைப்பத்தால் தள்ளியதும் உள்ளே விழுந்தது. அதற்கு முன்பே ஒரு பழந்துணியும் சின்ன மூடியில் தண்ணீரும் வைத்திருந்தேன்.

நவ. 12, புதன்

தூறல். செய்ய வேண்டியவை: விடைத்தாள் (இன்னும் இல்லை), கேஸ் புக் பண்ணுவது, குடை ரிப்பேர், பாம்பு.

பாம்பு உயிரோடு இருக்கிறது. துணிக்கடியில் சுருண்டு கிடக்கிறது. டப்பாவை நகர்த்தினால் உள்ளிருந்தே கடிக்கப் பாய்கிறது. நன்றி கெட்டது. பரவாயில்லை. இந்த வீட்டில் மற்றவர்களைப் போல அதற்கு ஒளித்துப் பேசத் தெரியாது.

காலையில் அத்தை எனக்குப் பால் கொடுத்தார். குங்குமப்பூ போட்ட பால். தண்ணீர்க் குடத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "நீ தூக்காத கண்ணு."

கண்ணு.

பாம்புக்கும் கொஞ்சம் பால் ஊற்றவா என்று கேட்டார். பாம்பு பால் குடிக்காது என்றேன். மறுபேச்சு பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் செல்வி அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "எத்தினியாவது மாசம்?"

"எதுக்குக்கா?"

"எங்கிட்டயே மறைக்கிற பாரு. முழுகாம இருக்கறவ இருக்குற வூட்ல பாம்ப அடிக்கக் கூடாதுன்னுதான குறுக்க நின்ன? ஒங்க அத்தை நேத்தே சொல்லிட்டாங்க."

கழுத்துப் பட்டை, வால் பட்டை, தட்டைத் தலை என்று நான் தொண்டை கிழியச் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. "அடிக்கவே கூடாது" மட்டும் ஏறியிருக்கிறது. என் வீட்டுக்காரர் சரவணன் லீவு முடிந்து குவைத் போய் ஒன்றரை மாதம். கணக்கும் அவர்களுக்குத் தோதாக அமைந்துவிட்டது. எனக்கு நாள் தள்ளுவது எப்போதும் உள்ளது. போன வாரமே கிட் வாங்கிப் பார்த்தாயிற்று. ஒரு கோடுதான்.

இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா கடப்பாரையை எடுப்பார். இதை எழுதும்போது எனக்கே தெரிகிறது, அது பாதிதான். மீதிப் பாதி அந்தக் 'கண்ணு'. அந்த ஒரு சொல்லுக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேனே என்று என் மேலேயே வெறுப்பு.

நவ. 13, வியாழன்

மழை இல்லை. பஸ் லேட். பி.டி.ஏ. கூட்டம், வெட்டிப் பேச்சு. பாம்புக்குத் தண்ணீர் மாற்றினேன், இடுக்கியால். அது என்னை முறைத்தது, நானும்தான்.

ச. போன் செய்தார். அழுதார். அம்மா சொல்லிவிட்டாராம். நான்கு வருடத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. இல்லைங்க, அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்பறம் ஏன் பாம்ப அடிக்க வேணாம்னு சொன்ன?"

டிப்ளமோ படித்த மனுஷன்.

போன லீவில் திருச்சி டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார். இவர் கூட்டாளியின் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டார். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எனக்கு மட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "அடுத்த தடவ நான் கண்டிப்பா வரேன், வூட்ல மட்டும் சொல்லிக்காத" என்றார். நானும் பெரிய பத்தினி, மூச்சு விடவில்லை. இன்று அதை நினைவுபடுத்தினேன். டவர் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

நவ. 14, வெள்ளி

குழந்தைகள் தினம். பள்ளியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

ரபீக் வந்தான். ஈரச் சட்டை, ஒரே கொட்டாவி. டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "நல்லா இருக்குதுங்க டீச்சர். செட்டிகுளம் மலையோரமா வுட்டுட்டுப் போயிடறேன்." துணிப்பையில் கொட்டி முடிச்சுப் போட்டான். அத்தை பையைப் பார்த்துக் கும்பிட்டார். செல்வி அக்கா வழக்கம்போல மதிலில்.

வண்டி போனதும் சொன்னேன்.

"அத்தை, நான் முழுகாமலாம் இல்ல. அது விஷமில்லாத பாம்பு, அதனாலதான் அடிக்க வேணாம்னேன்."

மாமா சொன்னார்: "அப்ப அன்னிக்கே அடிச்சிருக்கலாம்."

அத்தையின் முகம் பழையபடி ஆனது. "அதான பாத்தேன். ஒன் வயித்துல எங்க தங்கப்போவுது? எம்புள்ள அப்பவே சொன்னான். திருச்சியில டெஸ்ட்டெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன்மா, கொற எங்கிட்ட இல்ல, அவகிட்டதான்னு."

செல்வி அக்கா நிற்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை.

"அவரு ஆசுபத்திரி வாசப்படிய மிதிக்கவே இல்ல அத்தை. நான் ஒருத்திதான் போனேன். எனக்கு ஒரு கொறயும் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வூட்ல சொல்லாதன்னு அவருதான் சொன்னாரு."

மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது என் போன் அடித்தது. ச.தான். நான் எடுப்பதற்குள் அத்தை எடுத்துக் காதில் வைத்தார். ஹலோகூட இல்லை.

"டெஸ்ட்டு எந்த ஆசுபத்திரியில எடுத்த, சொல்லு" என்றார்.