மூன்று அங்குலக் குழாய்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சின்னவனும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று இந்த முறை பேச்சுக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். நீ என்னிடம் பேசி இருபத்து மூன்று நாள் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது என் போனுக்குக் கூப்பிட்டுப் பன்னிரண்டு நிமிஷம் பேசினாய், பிறகு பட்டென்று வைத்துவிட்டாய். அதிலிருந்து அம்மா கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்கிறாயாம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒரு பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறேன், பொறுத்துக்கொள்.

சின்னவன் வேலை செய்யும் கார் ஸ்டீரியோ கடைக்குப் போன வாரம் ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வந்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர்களுக்காக பிரேக் மிதித்து அலுத்த மனுஷன், சொந்தக் காரிலாவது நெஞ்சு அதிரக் கனத்த ஒலி தரும் சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்று வேண்டும் என்றாராம். கடையில் இருந்த பெட்டி எதுவும் அவர் டிக்கிக்குள் இறங்கவில்லை. அப்பா இருக்கும்போது வெளியே எதற்கு என்று உன் தம்பி அந்த வேலையை என் தச்சுப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, அவன் என்னிடம் வேலை கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. இது நாலு பக்கமும் மூடிய பெட்டி இல்லை, போர்ட் வைத்தது. அதாவது ஒரு குழாய் வாயைத் திறந்தபடி இருக்கும், ஸ்பீக்கர் உள்பக்கமாகத் தள்ளுகிற காற்று அதன் வழியே வெளியே வந்து கனத்த ஒலியை இன்னும் கனமாக்கும். உள்ளே எவ்வளவு காற்று, குழாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அவன் கணக்குப் போட்டு அழகாக எழுதிக் கொடுத்திருந்தான், உள்ளே ஐம்பது லிட்டர் காற்று, நாலு அங்குலக் குழாய், பதினாலு அங்குல நீளம் என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா, முப்பது வருஷம் அலமாரி செய்த கை, அதையே வெளி அளவாக வைத்துப் பலகையை அறுத்துவிட்டேன். அலமாரிக்குச் சுவரில் இடம் போதுமா என்பதுதான் கேள்வி, இதற்கு உள்ளே இருக்கிற காற்றுதான் சரக்கு. பலகையின் கனம் இரண்டு பக்கமும் தின்றது போக உள்ளே சுருங்கிவிட்டது, குழாயைச் செருகினால் அதன் வால் பின்பலகையில் முட்டுகிறது.

தப்பாக அறுத்துவிட்டேன் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழாய் ஒல்லியானால் நீளம் குறைந்தாலும் அதே சுருதி வரும் என்று அவன் தாளிலேயே இருந்தது, மூன்று அங்குலக் குழாய் ஒன்றை மாட்டினேன். சுருதி எழுப்பும் கருவியில் ஒரே சுருதியை ஓடவிட்டு, ஸ்பீக்கரின் நடுவே அதிரும் தாள் ஆட்டம் அடங்கி குழாய் மட்டும் வேலை செய்கிற இடம் வரும்வரை குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். வந்தது பார், அப்படி ஒரு ஒலி. ஒரு சத்தத்தை அவ்வளவு முழுசாக நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மறுநாள் காலையிலேயே வாத்தியார் காரோடு வந்து நின்றார். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் நடுவில் புஸ் புஸ் என்று பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் வருகிறதாம். அவ்வளவு காற்றும் சின்ன வாய் வழியாகப் போனால் சீறத்தானே செய்யும், சின்னவன் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டான். நான் ஒத்துக்கொள்வேனா? எந்தச் சத்தமும் இல்லை, ஸ்பீக்கரில் கோளாறு, வயரைப் பார் என்று தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம், அவரும் "ஆமாங்க, நல்லாவே சீறுது" என்றார். எல்லோரும் சேர்ந்து என்னைக் கவிழ்க்கிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். குனிந்து குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன். காற்று வந்து வந்து அடித்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை. கையை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தேன், சின்னவன் என் தோளைத் தொட்டுத் திருப்பினான். அவன் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. பின்னால் நின்று நாலு தடவை கூப்பிட்டானாம். "எத்தனை நாளாப்பா இப்படி?" என்று கேட்டான், அதுவும் அவன் உதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலமே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கனத்த சத்தம் ஒன்றைக்கூட நான் விடவில்லை. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை, முடிந்துவிட்டது என்று நானே கழற்றிவிட்டு எழுந்தேன். டாக்டரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் சத்தம் விட்டுக்கொண்டே இருந்தாராம். கனத்தது மிச்சம், கீச்சென்ற மெல்லிய சத்தம் போய்விட்டது, அறுவை மெஷின் பக்கத்திலேயே இருந்து இருந்து வந்தது என்றார். பெண்கள் குரல், பிள்ளைகள் குரல், அதிலும் போனில், சொற்கள் பிடிபடுவது கஷ்டமாம். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தால் ஓரளவு தேறும் என்கிறார், அடுத்த வாரம் வைக்கிறார்கள். பெட்டியைச் சின்னவன் பிரித்துவிட்டான், சரியான உள் அளவுக்குப் புதுசாக அறுத்துக் கொடுத்திருக்கிறேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

இரண்டு வருஷமாக எனக்கே தெரியும் மகளே. நான்தான் மறைத்தேன். காது கேட்காத ஆசாரியை அறுவை மெஷின் பக்கத்தில் யார் விடுவார்கள் என்ற பயம், கொஞ்சம் திமிரும்கூட. நீ போன் செய்யும்போது அம்மா முதலில் பேசிவிடுவாள், நீ சொன்னதையெல்லாம் பிறகு என்னிடம் ஒப்பிப்பாள், அதை வைத்துக்கொண்டு அடுத்த தடவை உன்னிடம் சமாளிப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா இல்லை. நீ பேசிக்கொண்டே இருந்தாய். உன் குரல் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது, ஒரு சொல் விளங்கவில்லை. செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்களே, அதேதான். சரிம்மா என்றேன், ஆமாம்மா என்றேன். ஒரு இடத்தில் நீ ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாய் என்று நினைத்துச் சிரித்தும் வைத்தேன். கடைசியில் நீ பேச்சை நிறுத்தினாய், ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தது. நல்லதுதாம்மா, அப்படியே செய் என்று சொன்னேன்.

நேற்று எல்லாவற்றையும் சின்னவனிடம் சொன்னேன். உடனே அவன் உனக்குச் செய்தி போட்டு என்ன விஷயம் என்று கேட்டான். "அப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், அவருக்குத் தெரியும்" என்று நீ போட்ட பதிலை என்னிடம் காட்டினான். அதைப் பார்த்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை அவனே படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பப்போகிறான், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்று சத்தியம் செய்கிறான், எந்த அளவுக்கு நம்பலாம் என்று உனக்கே தெரியும். அம்மாவுக்குத் தெரியக்கூடாதது என்றால் எனக்கு மட்டும் எழுது, என் வாயைத் தாண்டாது. பெரிய எழுத்தாக எழுத வேண்டாம், கண் நன்றாகத்தான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடு குறையில்லாமல் இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. எனக்கு எதுவும் தெரியாது மகளே. அன்றைக்கு நான் எதற்குச் சிரித்தேன், எதைச் செய்யச் சொன்னேன்? அதைச் செய்துவிட்டாயா?

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா