கோயில் ஸ்பீக்கரில் ஒலித்த பஸ் ஹாரன்

ஈப்போ,
புரட்டாசி கடைசிச் செவ்வாய்.

அன்பு மகன் தனேஸ்வரனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தப் பெர்த் வெயிலில் வாடாமல், வேளைக்குப் பசியாறி, சுகமாக இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதினேன், மனதைப் பற்றி எழுதவில்லை, கவனித்திருப்பாய். போன் இருக்கும்போது என்னத்துக்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் நான் வாயெடுத்தால் நீ, சரி விடுங்கப்பா வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், நானும் அப்பாடா தப்பித்தோம் என்று வைத்துவிடுவேன். மூன்று முறை அப்படித்தான் ஆனது. இருபத்தாறு வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஆட்களை நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியவனுக்கு, பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைக் கொண்டுபோய் இறக்கத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் கிழித்துப் போடு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

முதலில் வீட்டுச் செய்தி. இனிப்பு நீர் வியாதியால் விரல் எடுத்த கால் ஆறிவிட்டது, இனி மாதம் ஒரு தடவை கிளினிக் வந்தால் போதும் என்று கட்டு மாற்றுகிற மிஸ்ஸி சொல்லிவிட்டாள். அடுப்படிப் பக்கம் ஒழுகிய கூரைக்கு உன் அம்மாவே ஆள் பிடித்துத் தகரம் மாற்றிவிட்டாள். ரம்புத்தான் இந்த வருஷம் அணிலுக்குத்தான். புரட்டாசி என்பதால் வீட்டில் கத்தரிக்காயும் கீரையும்தான், அதையும் அம்மா தட்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து அப்படித்தான். காரணம் நான்தான், அதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

பிரமிளா வீட்டில் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று நீ என்னைக் கேட்டாய். ஜாதகம் பொருந்தவில்லையாம் என்று சொன்னேன். பொய். பத்துக்கு எட்டுப் பொருந்தியிருந்தது, அதைப் பார்த்துப் பிரமிளாவின் அப்பா சின்னையாவே என் கையைப் பிடித்து, இனிமே நீங்க எனக்குச் சம்பந்தி லா என்று சிரித்தார். நீ அன்றைக்குப் போனில், அவ ஜாதகம் பாக்கிற ஆளே இல்லியேப்பா, ஒரு மெசேஜுக்குக்கூட பதில் போட மாட்டேங்கிறா என்றாயே, அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. உன் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான்தான் தனேஷ். எப்படி என்று சொல்கிறேன்.

கால் விரலை எடுத்த பிறகு லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. காலையில் நாலரைக்கு முழிப்பு வந்துவிடும், எழுந்து போக ஓர் இடம் இருக்காது. ஒரு நாள் கிளினிக்கில் கட்டு மாற்றக் காத்திருக்கும்போது நீ வாங்கிக் கொடுத்த போனில் ஒரு விளம்பரம் வந்தது, பஸ் ஓட்டுகிற விளையாட்டு. சும்மா தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, பஸ்ஸை எடுக்க வேண்டும், நிறுத்தத்தில் நிற்கிற ஆட்களை ஏற்ற வேண்டும், சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் ஒருத்தர் மணியடித்ததும் நாற்காலிக்கு அடியில் என் வலது கால், அந்த இரண்டு விரல் இல்லாத கால், பிரேக்கைத் தேடி அழுத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த சீனக் கிழவி வலிக்கிறதா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து விளையாடுகிறேன். ஒரு வருஷத்துக்கு மேலே ஆகிறது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு. அம்மாவுக்குத் தெரியும். என்னாங்க, இன்னிக்கி பஸ்ஸு எந்தப் பக்கம் போவுது என்று கிண்டல் செய்வாள். வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் விடவில்லை. எப்படிச் சொல்வது? கோயில் செயலாளர், வயது அறுபத்திரண்டு. தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, பிள்ளைங்க கையில போனக் குடுத்து கேமு ஆட விடாதீங்க, உருப்படாமப் போயிடும் என்று பேசியவன், அதற்குக் கைதட்டலும் வாங்கியவன். பெட்டிக்கடைக்காரன்கூட டிரைவர் அண்ணே வராரு என்று சிகரெட்டை ஒளிக்கிற ஆள். இந்த ஆள் மூலையில் உட்கார்ந்து பொம்மை பஸ் ஓட்டுகிறான் என்று தெரிந்தால் நம் தாமான் தெருவில் தலைகாட்ட முடியுமா என்ற பயம் எனக்கு. வீட்டு வாசலில் நிழலாடினாலே போனைச் சட்டைப் பைக்குள் சொருகிவிடுவேன், பதினாறு வயசுப் பையன் மாதிரி.

ஆடித் திருவிழா அன்றைக்கு அம்மன் பாட்டெல்லாம் என் போனிலிருந்துதான் ஸ்பீக்கருக்குப் போனது. வழக்கம்தான், வயர் இல்லாமல் சேர்த்துவிட்டால் போதும். அபிஷேகம் ஆரம்பித்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, காலும் வலிக்கிறது, கொஞ்சம் உட்காரலாம் என்று சாமான் அறைக்குப் பின்னால் போனேன். ஒரே ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று விளையாட்டைத் திறந்தேன். போன் இன்னும் ஸ்பீக்கரோடு சேர்ந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லை, என் போனில் சத்தம் வரவில்லையே என்றுதான் நினைத்தேன், வெளியே கேட்ட ஹாரனை ரோட்டில் போகிற பஸ் என்று விட்டுவிட்டேன். அங்கே, ஆத்தாளுக்குப் பால் ஊற்றுகிற நேரத்தில், கோபுரத்தில் கட்டிய நாலு ஸ்பீக்கரிலும் பஸ் ஹாரன் அடித்திருக்கிறது. கதவு திறக்கிற சத்தம், மணிச் சத்தம், அடுத்த நிறுத்தம் வருகிறது என்று ஒரு வெள்ளைக்காரியின் குரல். ஐயர் பால் செம்போடு அப்படியே நின்றுவிட்டாராம். தலைவர் சன்னாசி ஓடி வந்து சாமான் அறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபோது என் கையில் போன், போனில் பஸ். அவருக்குப் பின்னால் பத்துப் பேர். அதில் ஒருவர் சின்னையா.

என்னா டிரைவர் அண்ணே இது என்றார் சன்னாசி. ஆமாம், நான்தான் என்று சொல்லியிருந்தால் ரெண்டு நாள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? எல்லாம் எம் பையன் பண்ண வேலை, லீவுல வந்தப்ப இதப் போட்டு வெச்சிட்டுப் போயிட்டான், அதுவா ஓடுது, நான் அடைக்கப் பாக்கிறேன் என்றது. அதோடு நிறுத்தினேனா? யாரோ, தனேஷா, அவன் பெரிய ஆளாச்சே என்று கேட்டதும், எங்கே நம்பாமல் போய்விடுவார்களோ என்று, அட நீங்க வேற, முப்பத்தோரு வயசாச்சு, அங்க ராவும் பகலும் இதே பைத்தியம்தான் என்று வேறு அடித்துவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சின்னையாவின் மூத்த பெண் தினேஸ்வரியின் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. லூமுட்டில் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மாப்பிள்ளை போனில் சூதாடி ஆடி வேலையை விட்டு, கடைசியில் அவளை அடித்துத் துரத்திவிட்டான். அவள் பிள்ளையோடு அப்பா வீட்டில் இருக்கிறாள். அந்த மனுஷனுக்குப் போன், ஆட்டம் என்ற இரண்டு வார்த்தையும் சேர்ந்து கேட்டாலே ஆகாது. இது எனக்குத் தெரியும் தனேஷ். தெரிந்தும் சொன்னேன். பத்தே நாளில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிரமிளாவிடமும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாதா? பதினைந்து வயதில், நீ தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் காசையெல்லாம் சேர்த்து வாங்கி வைத்திருந்த டிவி விளையாட்டுப் பெட்டியை, சொந்தக்காரர்கள் வந்திருந்த அன்றைக்கு, அவர்கள் ஏதோ சொன்னார்கள் என்பதற்காக, உன்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் லகாட்டில், ஈயம் தோண்டிப் போட்ட ஈயக்குட்டையில் உன் கண் முன்னால் வீசினேன். நீ அழக்கூட இல்லை. அதற்குப் பிறகு அப்படி ஒரு சாமானை நீ தொட்டதில்லை. அங்கே நீங்கள் தங்குகிற வேலை முகாமில் மற்றவர்கள் சேர்ந்து விளையாடும்போது நீ மட்டும் தனியாக வெளியே உட்கார்ந்திருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாமே. ஊரார் என்ன சொல்வார்கள் என்று அன்றைக்கு உன் சந்தோஷத்தைக் குட்டையில் போட்டேன். ஊரார் என்ன சொல்வார்கள் என்று இன்றைக்கு என் சந்தோஷத்தை உன் தலையில் போட்டேன்.

போன சனிக்கிழமை கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். ஆடுறது எம் பையன் இல்ல, நான்தான், ஒரு வருஷமா ஆடுறேன் என்றேன். அப்புறம் சன்னாசி என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பெத்த மனசு அண்ணே, மவனுக்காகப் பழியத் தூக்கிக்கிறீங்க, உங்க மாதிரி அப்பன் கெடைக்கணும் லா என்றார். இன்னொருவர் கண்ணைத் துடைத்தார். நான் எவ்வளவு சொன்னேனோ அவ்வளவுக்கு நான் நல்லவனாகிக்கொண்டே போனேன். இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லம்மாள் என்று பேர் வைத்தவர்கள் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எம் புள்ளய வித்துட்டு வந்து நிக்கிறியா என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை வா போ என்று பேசாதவள்.

மறுநாள் பஸ் பிடித்து லகாட்டுக்குப் போனேன். சின்னையா உட்காரச் சொன்னார். நான் வாயால் சொன்னால் நம்ப மாட்டார் என்று தெரியும், அதனால் போனை எடுத்து அவர் முன்னாலேயே விளையாட்டைத் திறந்து ஓட்டிக் காட்டினேன். முதல் வளைவிலேயே கொண்டுபோய் மோதினேன். மறுபடி எடுத்து, ஆட்களை ஏற்றி, ஐந்து நிறுத்தமும் போய் முடித்தேன். என் பேரில் இருக்கிற கணக்கு, ஓட்டிய நாட்கள் எல்லாம் காட்டினேன். சூதும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நம்புறேன் அண்ணே என்றார். எனக்கு உயிர் வந்தது. அதோடு விடவில்லை அவர். கேமு ஆடுறது ஒரு குத்தமா லா, சூதில்லன்னு தெரிஞ்சிருந்தா அத நான் பெருசா எடுத்திருக்க மாட்டேன், ஆனா தன் மானம் போவக்கூடாதுன்னு பெத்த புள்ள மேலயே பழியப் போட்ட வீடு இது, நாளைக்கி எம் பொண்ணு மேல போட மாட்டீங்கன்னு நான் எப்படி நம்புறது என்று கேட்டார். தீபாவளி கழித்து முதல் வெள்ளிக்கிழமை தஞ்சோங் மாலிமிலிருந்து கார் தொழிற்சாலைப் பையன் ஒருவன் பிரமிளாவைப் பெண் பார்க்க வருகிறானாம். நல்ல குடும்பமாம்.

பிரமிளா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் வாசலில் செருப்பு மாட்டத் தடவிக்கொண்டிருந்தபோது வந்து குனிந்து வாரை மாட்டிவிட்டாள். இது தனேஷுக்குத் தெரியுமா அங்கிள் என்றாள். தெரியாதும்மா என்றேன். சொல்லிடுங்க என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது ஈயக்குட்டை நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். கரையெல்லாம் புல் மண்டிக் கிடக்கிறது, எந்த இடத்தில் வீசினேன் என்றே தெரியவில்லை. மன்னிச்சிக்கோடா என்று அங்கே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், இங்கே எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், தீபாவளிக்கு முன்னால் உனக்குக் கிடைத்துவிடும். கிடைத்ததும் அந்தப் பெண்ணுக்கு நீயே போன் செய். நடந்ததைச் சொல். அப்பாவைக் காப்பாற்றிப் பேசாதே, நான் சொன்ன பொய்யை நான் சொன்ன வார்த்தையிலேயே சொல். அவள் வேண்டாம் என்றால் அது அவள் முடிவாக இருக்கட்டும், என் பொய் முடிவு செய்ததாக இருக்க வேண்டாம். அப்புறம் என்னோடு பேசுவதா வேண்டாமா என்று யோசி. அம்மாவோடு மட்டும் பேசினாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து உன் சத்தத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த விளையாட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் மறுபடியும் ஒளிப்பது போலாகிவிடும். இப்போது வாசலில் உட்கார்ந்துதான் ஓட்டுகிறேன், போகிறவன் வருகிறவன் பார்க்கட்டும். பழைய மாதிரி சந்தோஷமாக இல்லை, ஆனாலும் வாசலில்தான்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, நம் ரத்தத்தில் இனிப்பு நீர் இருக்கிறது, வருஷம் ஒரு தடவை சோதித்துப் பார். முகாமில் அவர்கள் விளையாடக் கூப்பிட்டால் போய் உட்கார். ஆத்தா உனக்கு ஒரு குறையும் வைக்காமல், நான் கெடுத்ததையும் சேர்த்துத் திருப்பித் தரட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, அவள் சொல்லித்தான் இந்த வரியை எழுதுகிறேன், சனிக்கிழமை ராத்திரிக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உன் அப்பா,
பத்துமலை.
விளையாடியது நான்தான்.