பித்தளைச் செம்பு கொள்ளும் அளவு

உத்திரமேரூர்
12.7.1985

அன்பு மகள் குழலிக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, குழந்தை பவளம் மூவரும் நலம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த முதல் வரியைப் பொய்யாக எழுத மனமில்லாமல்தான் கடிதம் மூன்று நாள் தாமதமானது. உன் குழந்தை உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டாள், ரயிலேறி வர வேண்டாம்.

ஞாயிறு காலை வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது, இரண்டு முறை வாந்தியும் எடுத்தாள். இங்குள்ள டாக்டர் இரண்டு பொட்டலம் உப்புச்சர்க்கரைப் பொடி கொடுத்து, ஒவ்வொன்றையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். லிட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நம் வீட்டுப் பித்தளைச் செம்பைத்தான் நான் உதாரணம் சொல்வேன், மூன்றாம் வகுப்பில் உனக்கும் சொல்லியிருக்கிறேன். அந்தச் செம்பு நிறையக் கரைத்தேன். ஒரு கரண்டி வாயில் போனதும் துப்பினாள், அதன் பிறகு கரண்டியைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் சர்க்கரை போடலாமா என்று உன் அம்மா கேட்டதற்கு, டாக்டர் சொன்ன அளவில் கைவைக்கக் கூடாது என்று தடுத்தேன்.

திங்கள் விடியும்போது உதடு காய்ந்திருந்தது, அழுதாள், கண்ணீர் வரவில்லை. முந்தின மாலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை. ஏழு மணி பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பால்காரி சிட்டம்மாள் வந்தாள். குழந்தையைப் பார்த்தவள் செம்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு, “இன்னா வாத்தியாரே, ஒரே உப்பா கீது, கொயந்த எப்டிக் குடிக்கும்” என்றாள். ஒரு லிட்டருக்கான பொடி என்றேன். “நான் தெனம் ஊத்துற அர லிட்டரு பாலுலயே இந்தச் செம்பு ரொம்பிப் பூடுது. இதுல லிட்டரு எங்க கீது? மீதிய தர்மத்துக்கு ஊத்திக்கினு இருந்தேன்னு நெனச்சீங்களா” என்று கேட்டாள். உண்மையில் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் தாராளமாக அளக்கிறாள் என்று உன் அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறேன்.

கரைத்ததைக் கொட்டிவிட்டு, அவளுடைய அரை லிட்டர் அளவுக் குவளையையே கழுவி, அதைக் கொண்டு இரண்டு முறை தண்ணீர் அளந்து இன்னொரு பொட்டலம் கரைத்தோம். கரண்டி என்றால் அப்போதும் முகத்தைத் திருப்பினாள். தினமும் பால் வரும் குவளை என்பதால் அதை மட்டும் கைநீட்டிக் கேட்டாள். அதிலேயே கொஞ்சம் ஊற்றிக் கொடுக்க ஒரு வாய் குடித்தாள். நூறு வரை எண்ணிவிட்டு அடுத்த வாய். குவளையை எங்களிடம் விட்டுவிட்டு, சிட்டம்மாள் நம் செம்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் பால் ஊற்றப் போனாள். “இப்பதான் இதும் அளவு தெரிஞ்சி போச்சே” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

இருந்தாலும் பஸ் ஏறினோம், வழியெல்லாம் குவளையும் கையுமாகத்தான். செங்கல்பட்டு டாக்டர் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று கேட்டார். நான் எழுந்து நின்று வேட்டியைக் காட்டினேன். பஸ் சாலவாக்கம் தாண்டியதுமே மடி நனைந்துவிட்டது.

ஒன்றை மறக்காதே. அந்தச் செம்பின் ஜோடியைத்தான் உன் சீர்வரிசையில் வைத்தோம். அதை லிட்டர் என்று நீயும் நம்பிக்கொண்டிருப்பாய், வேண்டாம். இருவரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
பாண்டுரங்கன்